வாசகர் கேள்வி – பதில்: பூமியின் ஆழத்தில் கார்பன்

பெரும்பாலான வைரங்கள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்கள் வைரத்தோடு நிற்காமல் கிராபைட், சுண்ணாம்புக்கல், வெள்ளைக்கல் என்று விரிந்திருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஐயா, நிலக்கரி பல லட்சம் ஆண்டுகள் மண்ணுக்கடியில் அழுந்திக் கிடந்தால் வைரமாகிவிடும் என்று பள்ளியில் படித்தேன். என் பேத்திக்கும் இன்று அதையே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதிய நூறு கோடி ஆண்டுக் கணக்கு இதோடு பொருந்தவில்லையே? – வாசகர், நெய்வேலி

பொருந்தவே பொருந்தாது. நிலக்கரி என்பது நிலத்தில் வளர்ந்த தாவரங்களின் மிச்சம். மரங்கள் அடர்ந்து காடாக நின்றதே கடந்த நாற்பது கோடி ஆண்டுகளுக்குள்தான். ஜாரியா, ராணிகஞ்ச் போன்ற நம் நாட்டுப் பெரிய நிலக்கரி வயல்களின் வயது ஏறத்தாழ 25 முதல் 30 கோடி ஆண்டுகள். வைரங்களுக்குள் சிக்கிய கனிமத் துணுக்குகளை வைத்துக் கணக்கிட்டால் பெரும்பாலானவற்றின் வயது 100 கோடியிலிருந்து 350 கோடி ஆண்டுகள் வரை வருகிறது. தாய்க்கு முன்னே மகள் பிறக்க முடியாது என்பதால் அந்தக் கதையை இந்த ஒரு கணக்கைக் கொண்டே தள்ளிவிடலாம்.

ஆழமும் ஒத்துவரவில்லை. நிலக்கரிப் படுகைகள் பூமியின் மேலோட்டில், சில கிலோமீட்டர் ஆழத்துக்குள் கிடப்பவை. வைரம் விளைவதோ மேலோட்டையும் கடந்து, கவசம் எனப்படும் அடுத்த அடுக்கில், பெரும்பாலும் 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில். அங்கே அழுத்தம் நம் தலைக்கு மேலுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் 45,000 முதல் 60,000 மடங்கு, வெப்பமோ 900 முதல் 1,300 டிகிரி செல்சியஸ். நிலக்கரியை மேலோட்டுக்குள்ளேயே இன்னும் புதைத்துச் சூடேற்றினால் அது ஆந்திரசைட் என்னும் கடினக் கரியாகி, பிறகு கிராபைட்டாகும். அதற்குமேல் அந்த வழி போகாது.

அப்படியானால் வைரத்துக்குக் கார்பன் எங்கிருந்து வருகிறது? கவசத்துப் பாறைகளின் இடுக்குகளில் கார்பனைச் சுமந்த திரவங்களும் உருகிய குழம்பும் மெல்ல ஊர்ந்து செல்கின்றன. சில இடங்களில் அந்தக் கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பனேட்டாக இருக்கும். சில இடங்களில் ஹைட்ரஜனோடு சேர்ந்து மீத்தேனாக இருக்கும். கார்பனேட்டிடமிருந்து சுற்றியுள்ள பாறை ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டாலும் சரி, மீத்தேனின் ஹைட்ரஜனை வேறொன்று பிடித்துக்கொண்டாலும் சரி, துணை இழந்த கார்பன் தனித்து நின்று படிகமாகிறது. அந்த ஆழத்தில் அப்படித் தனித்து நிற்கும் கார்பன் எடுக்கும் வடிவமே வைரம். ஆகவே ஆழத்தில் கார்பனின் கதியை முடிவு செய்வது அழுத்தமும் வெப்பமும் மட்டும் அல்ல, பக்கத்தில் ஆக்சிஜன் எவ்வளவு கிடைக்கிறது என்பதும்தான். கீழே வரும் பதில்கள் சிலவற்றிலும் இது திரும்ப வரும்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உங்கள் பேத்தியின் ஆசிரியருக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். சில வைரங்களின் கார்பன் ஒரு காலத்தில் உயிர்களின் உடலில் இருந்திருக்கலாம். கார்பனில் எடை 12 உடையது, 13 உடையது என இரு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. உயிர்கள் இலேசான 12-ஐயே அதிகம் எடுத்துக்கொள்ளும். கவசத்தின் வழக்கமான விகிதத்தைக் காட்டிலும் கார்பன்-12 மிகுந்த வைரங்கள் கிடைக்கின்றன. கடலடியில் மட்கிய நுண்ணுயிர்களின் கார்பன், பூமியின் மேற்பகுதியாக அமைந்து மெல்ல நகரும் புவித்தட்டோடு கீழே அமிழ்ந்து இப்படி வைரமாகியிருக்கிறது என்பதே இதற்குப் பலரும் ஏற்கும் விளக்கம். இதிலும் நிலக்கரிக்குப் பங்கு இல்லை.

எங்கள் பக்கத்தில் கிராபைட் வெட்டி எடுக்கிறார்கள். அதுவும் கார்பன்தானே, ஏன் வைரமாகவில்லை? வைரம் திரும்பவும் கிராபைட்டாக மாறுமா? – வாசகர், சிவகங்கை

இரண்டும் ஒரே பொருள் என்பதை ஸ்மித்சன் டென்னன்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1797-இல் வைரத்தை எரித்தே காட்டினார். அதே எடையுள்ள கரி எவ்வளவு கரியமில வாயுவைத் தருமோ அதே அளவைத்தான் வைரமும் தந்தது. வேறுபாடு அணுக்கள் அடுக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. கிராபைட்டில் அவை தாள் தாளாக அடுக்கப்பட்டு, தாளுக்குத் தாள் பிடிமானம் மிகக் குறைவாக இருப்பதால், பென்சிலை இழுத்த இழுப்பில் அவை காகிதத்தில் வழுக்கி ஒட்டுகின்றன. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அணுக்களை எல்லாத் திசையிலும் இறுகப் பற்றியிருக்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் கிராபைட் ஏறத்தாழ 2.2 கிராம் எடையுள்ளது, வைரம் 3.5 கிராம். அழுத்தம் கூடக் கூட, குறைந்த இடத்தில் அடங்குகிற வடிவமே வெல்லும்.

சிவகங்கைப் பகுதியின் பாறைகள் ஆழத்தில் வெந்து உருமாறியவைதான், ஆனால் அந்த ஆழம் மேலோட்டுக்குள் அடங்கியது. அங்கே அழுத்தம் 10,000 வளிமண்டல அளவில் இருந்திருக்கும். வைரத்துக்கு அதைப்போல் நான்கைந்து மடங்கு வேண்டும். ஆகவே உங்கள் ஊர்க் கார்பன் தன் இடத்துக்குரிய வடிவத்தில்தான் இருக்கிறது.

வைரம் கிராபைட்டாக மாறும். மேற்பரப்பின் நிலைமைக்கு உரிய வடிவம் கிராபைட்தான். விரலில் இருக்கும் மோதிரக் கல் மாறாமல் இருப்பது, அந்தப் பிணைப்புகளை அவிழ்க்கத் தேவையான வெப்பம் இங்கே இல்லாததால் மட்டுமே. வெப்பம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மொராக்கோவின் வடக்கே பெனி பூசெரா என்னும் இடத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. கவசத்திலிருந்து மெல்ல மெல்ல மேலே தள்ளப்பட்ட அந்தப் பாறைத் தொகுதியில், எட்டு முகம் கொண்ட சின்னஞ்சிறு கருங்கட்டிகள் பதிந்திருக்கின்றன. எட்டு முகப் படிகம் வைரத்துக்கே உரிய வடிவம், கிராபைட்டுக்கு அது கிடையாது. ஆனால் அந்தக் கட்டிகளோ முழுக்க முழுக்கக் கிராபைட். வைரமாக விளைந்து, சூடு ஆறாத பாறைக்குள் நெடுங்காலம் ஏறி வந்ததில் உள்ளே எல்லாம் மாறிப்போய், பழைய உருவம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதை வைரத்தின் கல்லறை என்றே சொல்லத் தோன்றுகிறது.

நமக்கு வைரம் வைரமாகவே கிடைப்பதற்குக் காரணம் கிம்பர்லைட் என்னும் எரிமலைக் குழம்பின் வேகம். கரியமில வாயுவும் நீராவியும் நிறைந்த அது 150 கிலோமீட்டருக்கும் கீழிருந்து சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மேலே பாய்ந்துவிடுகிறது. வழியில் பிய்த்துக்கொண்டு வந்த வைரத்துக்கு மாற அவகாசம் கிடைப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரின் பெயரே இந்தப் பாறைக்கு வந்தது. ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் உள்ள வஜ்ரகரூரிலும் கிம்பர்லைட் மேலேறி உறைந்த குழாய் வடிவப் பாறைகள் உண்டு. முதல் மழை பெய்து மேல்மண் கழுவப்பட்டதும் அந்தப் பக்கத்து மக்கள் குடும்பத்தோடு வயல்களில் குனிந்து வைரம் தேடுவது இன்றும் நடக்கிறது.

சேலத்து வெள்ளைக்கல்லும் (மாக்னசைட்) பூமியின் கவசத்திலிருந்து வந்தது என்கிறார்களே, சரியா? – வாசகர், சேலம்

பாதி சரி. வெள்ளைக்கல் பாய்ந்திருக்கும் கரும்பச்சைப் பாறை, ஆலிவின் என்னும் பச்சைக் கனிமம் நிறைந்த ஆழத்துப் பாறை. ஆனால் அதன் வெடிப்புகளில் வலைபோலப் பின்னிக் கிடக்கும் வெள்ளை நரம்புகள், அந்தப் பாறை மேலே வந்த பிறகு, கரியமில வாயு கலந்த நீர் அதற்குள் இறங்கி மக்னீசியத்தைப் பிடித்ததால் உண்டானவை. வெட்டியெடுத்த துண்டை உடைத்துப் பார்த்தால் பீங்கான் உடைந்ததுபோல வழவழப்பாக இருக்கும். மேல்புறம் காலிஃபிளவர் போல முண்டு முண்டாக இருக்கும். ஆக, அது மேற்பரப்பை ஒட்டிப் பிறந்த கல்.

என்றாலும் உங்கள் கேள்வி ஒரு நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறது. கவசத்தின் ஆழத்தில் கார்பனேட்டாக இருக்கும் கார்பன் பெரும்பாலும் எந்தக் கனிமமாக இருக்கும் என்று கேட்டால், விடை இதே மாக்னசைட்தான். கடலடிச் சுண்ணாம்பு, அதாவது கால்சைட், கீழே போகும்போது முதலில் அரகோனைட் என்னும் நெருக்கமான வடிவத்துக்கு மாறும். இன்னும் ஆழத்தில், சுற்றியுள்ள பாறை மக்னீசியம் மிகுந்தது என்பதால், கால்சியமும் மக்னீசியமும் இடம் மாறிக்கொள்கின்றன: கால்சியம், சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிகேட் கனிமங்களுக்குப் போகிறது, கார்பனேட் மக்னீசியத்தோடு சேர்ந்து மாக்னசைட் ஆகிறது.

சேலத்துச் சூளையில் மாக்னசைட்டைப் போட்டு 600, 700 டிகிரிக்குச் சூடாக்கினாலே அது தாங்குவதில்லை. நூறு கிலோ கல்லில் ஏறத்தாழ 52 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துபோய், 48 கிலோ மக்னீசியா மிஞ்சுகிறது. எஃகு உலைகளின் உட்சுவருக்கு அடுக்கும் செங்கல் அதிலிருந்துதான் செய்யப்படுகிறது. அதே மாக்னசைட் 200 கிலோமீட்டர் ஆழத்தில் அதைப்போல் இரு மடங்கு வெப்பத்திலும் குலையாமல் இருக்கிறது. வாயுவாகப் பிரிந்தால் அதிக இடம் வேண்டும், அந்த அழுத்தமோ இடம் தருவதில்லை. சுண்ணாம்புக் காளவாயின் வாயைத் திறந்து வைத்தால்தான் கல் நீறும் என்பது ஊரில் காளவாய் போட்டவர்களுக்குத் தெரியும். பூமியின் ஆழம் வாய் மூடிய காளவாய்.

கடலடிச் சுண்ணாம்பு புவித்தட்டோடு கீழே அமிழ்கிறது என்கிறீர்கள். அப்படிப் போனதெல்லாம் திரும்பி வருமா? – வாசகர், தூத்துக்குடி

மூன்று வழியாகப் பிரிகிறது என்று சொல்லலாம். முதல் பங்கு, 100 கிலோமீட்டர் ஆழத்தை ஒட்டி, அமிழும் தட்டிலிருந்து வெளியேறும் நீரில் கரைந்தும் உருகிய குழம்போடு கலந்தும் மேலே ஏறி எரிமலைகளின் வழியே கரியமில வாயுவாக வெளியேறுகிறது. மத்திய அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோகோஸ் தட்டு சுண்ணாம்புப் படிவத்தைச் சுமந்துகொண்டு அமிழ்கிறது. அந்தக் கரையோரம் எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. உலகின் எரிமலைகளும் எரிமலைப் பகுதிகளும் ஆண்டுக்கு 28 முதல் 36 கோடி டன் கரியமில வாயுவை வெளியிடுவதாக டீப் கார்பன் அப்சர்வேட்டரி என்ற பன்னாட்டு ஆய்வுத் திட்டம் 2019-இல் மதிப்பிட்டது. மனிதர் எரிக்கும் எரிபொருள் வெளியிடுவது இதைப்போல் நூறு மடங்கு.

இரண்டாவது பங்கு இன்னும் கீழே போகிறது. 300 முதல் 700 கிலோமீட்டர் ஆழத்தில், கார்பனேட் கலந்த கடலடிப் பாறை உருகத் தொடங்கும் வெப்பத்தைப் பெரும்பாலான தட்டுகள் எட்டிவிடுகின்றன என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். பாறையின் உருகுநிலையைக் கார்பனேட் வெகுவாகக் குறைத்துவிடும். முற்றிலும் உருகாத தட்டிலிருந்து கார்பனேட் குழம்பு மட்டும் கசிந்து கவசத்துக்குள் நுழையும். அங்கேதான் அதற்கு இரும்பு எதிர்ப்படுகிறது. ஏறத்தாழ 250 கிலோமீட்டருக்குக் கீழே கவசத்துப் பாறையில் உலோக இரும்பு மிகச் சிறிய அளவில் தானாகவே பிரிந்து நிற்கிறது. அது கார்பனேட்டின் ஆக்சிஜனைப் பிடுங்கித் துருவாகிறது என்று சொன்னால் புரியும், கார்பன் வைரமாகிறது, உருகுவதற்குக் காரணமாக இருந்த கார்பனேட் போய்விட்டதால், குழம்பும் அங்கேயே உறைகிறது. வெப்பம் குறையாமலே நடக்கிற உறைவு இது. வைரம் சுமந்த அதே பாறை பல கோடி ஆண்டுகளுக்குப் பின் மேலே எழும்பினால் எல்லாம் தலைகீழாகும்: ஆக்சிஜன் திரும்பக் கிடைக்கும், வைரம் கரைந்து கார்பனேட்டாகும், பாறை உருகத் தொடங்கும். ஆழத்துக் கார்பனைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது இந்தப் போக்குவரத்துதான். நாம் பெட்டியில் பூட்டி வைக்கும் வைரம், அங்கே ஒரு கார்பன் அணு வழியில் தங்கிப் போகும் சத்திரம்.

மூன்றாவது பங்கு, குளிர்ந்த தட்டுகளோடு உருகாமலே கீழ்க் கவசத்துக்குப் போய்விடுகிறது.

பூமியின் கருவத்திலும் கார்பன் உண்டா? – வாசகர், ஈரோடு

இருக்க வேண்டும். வெளிக் கருவத்தின் அடர்த்தி, அந்த அழுத்தத்தில் தூய இரும்புக்கும் நிக்கலுக்கும் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. ஆகவே இலேசான தனிமங்கள் கலந்திருக்கின்றன. கந்தகம், ஆக்சிஜன், சிலிக்கன், ஹைட்ரஜன் ஆகியவற்றோடு கார்பனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உருகிய இரும்பில் கார்பன் எளிதில் கரையும் என்பது எஃகு ஆலையில் தினமும் காணும் காட்சிதான்.

நான் கல் வியாபாரி. உள்ளே புள்ளி இருக்கும் வைரத்தைக் கை தொட மாட்டோம். ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஏன்? – வாசகர், திருச்சி

காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களை நம் பழைய இரத்தினப் பரீட்சை மரபு பெயரிட்டு ஒதுக்கியது. அந்தப் புள்ளிகளில் பல, வைரம் விளைந்தபோது அதற்குள் அகப்பட்ட பக்கத்துக் கனிமங்கள். வைரம் எதையும் உள்ளே விடாது, எதையும் வெளியே விடாது. ஆகவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்தின் ஒரு துளி, விளைந்த நாளில் இருந்தபடியே, பல நேரங்களில் அழுத்தத்தின் மிச்சம்கூட விலகாமல் நம் கைக்கு வந்து சேர்கிறது.

பிரேசிலின் ஜுயினா ஆற்றுச் சரளையில் கிடைத்த ஒரு வைரத்தைச் சொல்கிறேன். மூன்று மில்லிமீட்டர் அளவு, பழுப்பு நிறம், அழுக்குக் கண்ணாடிச் சில் போன்ற தோற்றம். நீங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரகாம் பியர்சன் குழுவினர் அதற்குள் வேறொரு கனிமத்தைத் தேடப்போய், கண்ணுக்குத் தெரியாத ரிங்வுடைட் துணுக்கு ஒன்றைக் கண்டு 2014-இல் அறிவித்தார்கள். 520 முதல் 660 கிலோமீட்டர் ஆழத்துக்கே உரிய கனிமம் அது. அதுவரை பூமிப் பாறை எதிலும் இயற்கையாகக் கிடைத்ததில்லை. அதன் எடையில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் நீர். கடல் நீர் பாறைக்குள் புகுந்து அந்த ஆழம் வரை போய்ச் சேர்கிறது என்ற கருத்துக்கு அந்தச் சில் பெரிய பலமாயிற்று.

பெரிய கற்களின் கதை வேறு. 1905-இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 3,106 காரட் கல்லினன் போன்ற, நைட்ரஜன் அற்ற மாபெரும் வைரங்கள் எங்கே விளைந்தன என்பது நெடுநாள் புதிர். அந்த வகைக் கற்களை வெட்டியபோது மிஞ்சிய துண்டுகளில் இருந்த புள்ளிகளை ஆராய்ந்து, அவை இரும்பு, நிக்கல், கார்பன், கந்தகம் கலந்த உலோகம் என்று இவான் ஸ்மித்தும் குழுவினரும் 2016-இல் கண்டறிந்தார்கள். 360 முதல் 750 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய உலோகத்துக்குள் அவை வளர்ந்திருக்கின்றன. தொழிற்சாலையில் அழுத்தமும் வெப்பமும் கொடுத்து வைரம் செய்பவர்களும் கிராபைட்டை உருகிய இரும்பு, நிக்கல், கோபால்ட் கலவையில் கரைத்துத்தான் வைரமாக வளர்க்கிறார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2018-இல் அதே ஆய்வாளர்கள் நீல வைரங்களைப் பார்த்தார்கள். நீலத்துக்குக் காரணம் போரான். அது கவசத்தில் மிக மிகக் குறைவு, கடல் நீரிலும் மேலோட்டிலும்தான் அதிகம். உள்ளிருந்த துணுக்குகளோ 660 கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தைக் காட்டின. கடல் நீரில் ஊறிய கடலடிப் பாறை போரானை அந்த ஆழம் வரை சுமந்து போயிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. நீல வைரங்களில் புகழ்பெற்ற ஹோப், கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்துக் கல் என்றே கருதப்படுகிறது. தவர்னியே என்ற பிரெஞ்சு வணிகர் அதன் மூலக்கல்லை 1668-இல் பதினான்காம் லூயி மன்னருக்கு விற்றார். 45.52 காரட் எடையோடு இன்று வாஷிங்டனில் இருக்கும் அந்தக் கல்லின் நீலம், ஒரு பழங்காலக் கடலின் நீரிலிருந்து வந்திருக்க வாய்ப்பு உண்டு.

யாரும் போய்ப் பார்க்க முடியாத ஆழத்தில் கார்பனேட் இப்படி மாறும், அப்படி மாறும் என்று எப்படிச் சொல்கிறார்கள்? – கல்லூரி மாணவி, மதுரை

ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் துளைத்த மிக ஆழமான துளையே 12,262 மீட்டர்தான். கவசம் 2,890 கிலோமீட்டர் வரை நீள்கிறது. ஆகவே ஆழத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டு வைரங்களின் கூர்முனைகளைச் சற்றே மழுக்கி எதிரெதிரே வைத்து, நடுவே முடியின் தடிமனைவிடச் சிறிய மாதிரியை வைத்து, திருகாணியால் இறுக்குகிறார்கள். முனையின் பரப்பு மிகச் சிறியது என்பதால் கை விசையே போதும், பூமியின் மையத்தில் உள்ள 36 லட்சம் வளிமண்டல அழுத்தம் வரை எட்ட முடிகிறது. வைரம் ஒளியையும் எக்ஸ் கதிரையும் தன் வழியே விடும் என்பதால், லேசரால் மாதிரியைச் சூடாக்கிக்கொண்டே அணுக்களின் இருப்பையும் பார்க்க முடிகிறது.

இப்படிப் பார்த்ததில் ஒன்றைச் சொல்கிறேன். நாம் அறிந்த கார்பனேட்டில் ஒரு கார்பனைச் சுற்றி மூன்று ஆக்சிஜன் தட்டையான முக்கோணமாக நிற்கும். இரும்பு கலந்த மாக்னசைட்டை 8 லட்சம் வளிமண்டல அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், அதாவது 1,800 கிலோமீட்டர் ஆழத்துக்கு நிகராக, முக்கோணம் குலைந்து நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த நான்முகியாகிறது என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. சாதாரணப் பாறைகளில் சிலிக்கன் நிற்கும் நிலை அது. நீங்கள் பாடத்தில் படிக்கும் கார்பனின் வேதியியல் மேற்பரப்பின் வேதியியல் மட்டுமே.

திருப்பத்தூர் அருகே சேவத்தூரில் எரிமலையிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்கிறார்கள். சுண்ணாம்பு எரிமலையிலிருந்து வருமா? – வாசகர், திருப்பத்தூர்

வரும். உங்கள் ஊர்ப் பாறையின் பெயர் கார்பனடைட். கவசத்தில் கார்பனேட் கலந்த பாறை மிகச் சிறிதளவே உருகும்போது அந்த முதல் உருகலில் கார்பனேட்டே மிகுந்திருக்கும். அது மேலோட்டுக்குள் ஏறி, ஆறி உறைந்ததே சேவத்தூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமல்பட்டியிலும் கிடைக்கிறது. சிப்பியோ சங்கோ படிந்து உண்டான சுண்ணாம்புக்கல் அல்ல அது.

இப்படிப்பட்ட குழம்பை இன்றும் கக்கும் எரிமலை உலகில் ஒன்றே ஒன்று: தான்சானியாவின் ஓல் தோயின்யோ லெங்காய். மாசாய் மக்களின் மொழியில் கடவுளின் மலை என்று பொருள். மற்ற எரிமலைகளின் குழம்பு 1,100 டிகிரிக்கு மேல் செக்கச் செவேலென்று இருக்க, இங்கே 500 முதல் 600 டிகிரியில், பகல் வெளிச்சத்தில் நெருப்பின் நிறமே தெரியாமல், கருஞ்சேறு போலவும் ஓட்டத்தில் தண்ணீர் போலவும் பாய்கிறது. சோடியமும் பொட்டாசியமும் மிகுந்த கார்பனேட் என்பதால் காற்றின் ஈரம் பட்டதுமே அது மாறத் தொடங்குகிறது. காலையில் கருப்பாக ஓடி உறைந்த குழம்பு, ஒரு மழை பெய்தால் சில மணி நேரத்திலேயே சாம்பல் பூத்து, பிறகு சுண்ணாம்பு அடித்த சுவரைப்போல் வெளுத்துப்போகிறது.